முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு இதயத்தையும் பார்க்க வேணுமா?

வாழைச்சேனை மகள்:
அம்மாவுக்கு 58 வயது, 9 வருடமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்கவே ஒரு மணித்தியாலம் எடுக்கும். இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது என்கிறா. வருத்தம் மூட்டில்தானே, இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கா?

கல்முனை தாதி:
இருக்கு தங்கச்சி. மூட்டை வீங்க வைக்கிற அதே அழற்சி இரத்தக்குழாய்ச் சுவரையும் தாக்கி கொழுப்புப் படிய வழிசெய்யும், அதனால் இதயநோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு. வருத்தம் கடுமையாக உள்ள நேரம் கொலஸ்ட்ரோல் குறைவாகக் காட்டலாம், அதை நம்பி இருந்துவிட வேண்டாம். மூச்சு வாங்க நுரையீரலோ இரத்தச்சோகையோகூட காரணமாகலாம், இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டி ஈசிஜி எடுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால் உடனே 1990 அம்புலன்ஸ்.

அக்கரைப்பற்று மருமகள்:
என் மாமி நோவுக்கு பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போட்டவ, பிரஷர் ஏறிவிட்டது. அந்த மாத்திரை இதயத்துக்கும் கூடாது என்று பிறகுதான் தெரியும். ஆனால் முடக்குவாதத்தை அடக்க டொக்டர் தரும் மெதோட்ரெக்சேட் மருந்தை அம்மா எடுக்கிறா என்றால், அதைத் தானாக நிறுத்த விடாதீங்க, அழற்சி அடங்கினால் இதயத்துக்கும் நல்லது.

வாழைச்சேனை மகள்:
சரி அக்கா, நாளைக்கே கூட்டிப் போகிறேன். வெத்திலையோடு புகையிலையும் போடுறா, அதையும் சொல்லணுமா?

கல்முனை தாதி:
கட்டாயம் சொல்லுங்கள்.