மயக்க வாயுவும் மகனின் பதற்றமும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம், மகனுக்கு ஐந்து வயது. போன வருஷம் டொன்சில் ஒப்பரேஷனுக்கு முகமூடி வைத்து செவோஃபுளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்தார்கள். கண் விழித்தவனுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. உதைத்து, கையிலிருந்த கனுலாவை (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) பிடுங்கப் பார்த்தான். அரை மணித்தியாலத்தில் அவன் அடங்கிவிட்டான், எனக்குத்தான் இன்னும் அடங்கவில்லை.

தேடி வாசித்ததில், இந்த வாயுவுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் இப்படிக் குழம்புவது தெரிந்த விஷயம்தானாம். நரம்பில் ஏற்றும் புரொப்போஃபோல் என்ற மயக்க மருந்தில் குறைவு. முன்பே பயந்து நடுங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருமாம். இவனோ ஊசியைக் கண்டாலே கட்டிலுக்கடியில்!

அடுத்த மாதம் இவனுக்கு ஹேர்னியா (குடலிறக்கம்) ஒப்பரேஷன். மயக்க மருந்து டொக்டரிடம் என்னென்ன கேட்கலாம்? பயத்தைத் தணிக்க முன்கூட்டியே மிடசோலம் மருந்து குடிக்கக் கொடுத்த பெற்றோர் இருக்கிறீர்களா? ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்த தாதியர் யாராவது திருகோணமலையில் இருந்தால், பின்னேரம் வந்து சந்திக்கிறேன்.