மறு: லினன் பேண்ட் பாடத்துக்கு ஒரு சொல் – ‘புழங்கிடம்’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உடம்பின் அளவைவிடத் துணியில் கூடுதலாக விடும் அளவுக்கு (ஆங்கிலத்தில் ‘ஈஸ்’) ‘புழங்கிடம்’ என்ற சொல்லை நான் முன்வைத்தேன். அதற்குப் பதில் ‘தளர்வு’, ‘லூஸ்’, ‘நெகிழ்வு’, ‘இளக்கம்’ என்று சொல்லி ஒரு வாரமாக இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். வேலை நெருக்கடியில் உடனே எழுத முடியவில்லை. பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘தளர்வு’ என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

மதுரை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நானும் போன மாதம் வரை ‘தளர்வு’ என்றுதான் எழுதினேன். அது ஏன் எனக்குப் போதவில்லை என்பதை நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் சனிக்கிழமை மாலைகளில் ஏழு பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாருக்கும் வீட்டுமொழி தமிழ். மூன்று பேர் பள்ளியில் கன்னடம்தான் படித்தார்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களும் தமிழ்க் குறிப்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. இப்போது நடக்கும் பாடம், அன்றாடம் உடுத்த ஒரு லினன் பேண்ட். இடுப்பில் எலாஸ்டிக், இரு பக்கமும் பை, ஜிப் கிடையாது.

குறிப்பில் ‘சீட் சுற்று 40 அங்குலம், இடுப்பு 34 அங்குலம், தளர்வு 4 அங்குலம்’ என்று எழுதியிருந்தேன் (சீட் என்பது பேண்ட்டில் உட்காரும் பகுதி). ஒரு மாணவி தையல் மார்ஜினை மட்டும் தனியே விட்டு, துணியைச் சரியாக 40க்கு வெட்டிவிட்டார். அந்த 4ஐ இடுப்பில் கூட்டி, எலாஸ்டிக்கை 38 அங்குலத்துக்கு நறுக்கினார். தைத்து முடித்ததும் இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை, சீட் பகுதி இறுகி உட்கார முடியவில்லை. சிக்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய இரண்டரை மீட்டர் லினன். கேட்டபோது அவர் சொன்னது: “தளர்வுன்னா எலாஸ்டிக்தானே அக்கா தளரும்? துணி எப்படித் தளரும்?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. கட்டு தளர்கிறது, கயிறு தளர்கிறது, நடை தளர்கிறது, ஊரடங்கு தளர்கிறது. முன்பு இறுக்கமாக இருந்த ஒன்று இப்போது அப்படி இல்லை என்றால் தளர்வு. நான் சொல்ல வந்ததோ வேறு. உடம்பின் அளவு 40, துணியின் அளவு 44, நடுவே இருக்கும் 4. ஆங்கிலத் தையல் புத்தகங்கள் ‘ஈஸ்’ என்று சொல்வது அந்த நாலைத்தான். அது துணியின் குணம் கிடையாது, உடம்புக்கும் துணிக்கும் இடையில் இருக்கும் வெளி. அதற்கு அங்குலக் கணக்கு உண்டு. வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்து கூட்டவும் வேண்டும்.

‘லூஸ்’ என்றே விட்டுவிடலாம், தையற்காரர்கள் அதைத்தானே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தவருக்கும் இதையே சொல்வேன். அந்தச் சொல்லின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. சிவாஜிநகர்க் கடைகளில் தமிழ், கன்னடம், உருது எது பேசினாலும் லூஸ்தான். ஆனால் “2 அங்குலம் லூஸ் விடு” என்றால் திட்டம், “லூஸாகிவிட்டது” என்றால் குறை. புதிதாகக் கற்பவர் கையில் திட்டத்துக்கும் குறைக்கும் ஒரே சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘லூஸ் விடு’ என்பதில் உள்ள ‘விடு’வை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும்.

‘நெகிழ்வு’ லினனுக்கு நேர் எதிரான சொல். ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார்தான் லினன் (நாம் ஆளி விதை வாங்குகிறோமே, அதே இனம்). அந்த இழை அறுவதற்கு முன் 2, 3 விழுக்காடுதான் நீளும். பருத்தி இழை அதைப்போல இரு மடங்குக்கு மேல் நீளும். லினன் சட்டென்று கசங்குவதற்கும், மடிந்த இடத்தில் கோடு நின்றுவிடுவதற்கும் இதுதான் காரணம். இழுத்தால் நீண்டு மீளும் எலாஸ்தேன் இழை 1958இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பல ஆயத்த பேண்ட்டுகளில் அது கொஞ்சம் கலந்திருக்கும். அவற்றில் வெட்டும்போது இடம் விடாமல் போனாலும் துணி நீண்டு கொடுத்துச் சமாளித்துவிடும். லினன் கொடுக்காது. வெட்டும்போது விட்டதுதான் உண்டு. அதனால்தான் இந்தப் பாடத்தில் வந்து இந்தச் சொல் இடறியது என்று நினைக்கிறேன். இழுத்தால் நீளும் பின்னல் துணி பாடமாக இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன்.

‘இளக்கம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். “கயிற்றை இளக்கிக் கட்டு” என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தொடர்களில் சேர்த்து எழுதிப் பார்த்தேன். அசைவுக்கு விடும் இளக்கத்தை ‘அசைவிளக்கம்’ என்றும், அமர்வதற்கு விடுவதை ‘அமர்விளக்கம்’ என்றும் எழுத வேண்டியிருக்கிறது. படிப்பவர் இரண்டையும் ‘விளக்கம்’ என்றுதான் பிரிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் மாணவிகள் நிச்சயம் அப்படித்தான் பிரிப்பார்கள். தனியாக நிற்கும்போது அழகாக இருந்தும் தொகையில் சேர்ந்தவுடன் குழம்புகிற சொல் கலைச்சொல்லாக ஓடாது.

சரி, ‘புழங்கிடம்’ எங்கிருந்து வந்தது? வகுப்பில் மூத்தவர் ஒரு பாட்டி. லினனில் கை வைக்குமுன் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி பேண்ட் தைத்துப் போட்டுப் பார்ப்போம். அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றார், நடந்தார், எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் வழக்கம்போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், “நிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. உக்காந்தா உள்ள பொழங்கவே இடமில்லையே” என்றார்.

வீட்டில் சாமான் நிறைந்துவிட்டால் “புழங்க இடமில்லை” என்போம். அடுப்படி சின்னதாக இருந்தால் “இரண்டு பேர் புழங்க முடியாது” என்போம். இடம் இருக்கிறதா என்பதை அங்கே அசைகிற உடம்பை வைத்துச் சொல்கிறோம். பேண்ட்டுக்குள்ளும் அதேதான். நிற்கிற உடம்புக்கு அந்த 4 அங்குலம் தேவையே இல்லை. உட்காரும்போதும் குனியும்போதும் படியேறும்போதும்தான் தேவை.

இலக்கணத்திலும் சிக்கல் இல்லை. வாழ் + இடம் வாழிடம் ஆவதுபோல, புழங்கு + இடம் புழங்கிடம், வினைத்தொகை. நாட்டார் வழக்காற்றுத் துறையில் ‘புழங்குபொருள் பண்பாடு’ (மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்கள் பற்றியது) என்ற தொடர் நன்றாக நிலைத்திருக்கிறது, அதன் உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் ‘புழங்களவு’ என்று எழுதிப் பார்த்தேன். அதில் ‘களவு’ தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது, விட்டுவிட்டேன். ‘இடம்’ என்று முடிவதில் இன்னொரு நன்மை, தையற்காரர் வாயில் ஏற்கெனவே இருக்கும் ‘விடு’ அப்படியே ஒட்டிக்கொள்கிறது: “சீட்டில் 4 அங்குலம் புழங்கிடம் விடவும்.”

கோவை அக்கா தனிமடலில் ஒரு தயக்கத்தைச் சொன்னார். ‘அவர்களோடு புழங்குவதில்லை’ என்று சாதி பார்த்து ஒதுக்கிய பேச்சிலும் இதே வினைதான் வருகிறது என்றார். உண்மை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தும் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அந்த வினைக்கு அடுப்படியும் கிணற்றடியும் பாத்திரமும் அன்றாடமும் சேர்ந்த பெரிய வாழ்க்கை இருக்கிறது. ஒதுக்கியவர்களிடமே அதை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அக்கா இதை ஏற்கவில்லை என்றால் இங்கேயே எழுதட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

சம்மணம் பற்றி இன்னும் கொஞ்சம். நான் பார்த்த ஆங்கிலத் தையல் கையேடுகள் பேண்ட்டுக்கு அளவெடுக்கும்போது நாற்காலியில் உட்காரச் சொல்கின்றன. இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து, அதோடு அரை அங்குலமோ ஓர் அங்குலமோ கூட்டு என்கின்றன. நாங்கள் தரையில் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். ஒருவருக்கு நிற்கும்போது சீட் சுற்று 40, நாற்காலியில் 42, சம்மணத்தில் 42½. சுற்றைவிட முதுகுப்பக்க நீளம்தான் அதிகம் இழுத்தது. பின் இடுப்பு நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் பின்பக்கத் துண்டின் நடுவை ஒன்றரை அங்குலம் உயர்த்தி வெட்டினோம். கால்கள் சேரும் இடத்தில் உருதுத் தையற்காரர்கள் ‘மியானி’ என்னும் சாய்சதுரத் துண்டை வைக்கிறார்களே, அதையும் வைத்துப் பார்த்தோம். பாட்டி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார், எங்கும் பிடிக்கவில்லை. ‘மியானி’க்குத் தமிழ்ச்சொல் தேடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பெங்களூருத் தமிழருக்கு அது பழகிய சொல்.

கற்பிக்கும்போது இந்தச் சொல் எனக்குத் தரும் இன்னொரு வசதி துணி சுருங்குவது பற்றியது. லினனை நனைத்துக் காயவைக்காமல் வெட்டக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் யாராவது அவசரப்படுவார்கள். எங்கள் துணி அகலவாக்கில் மீட்டருக்கு 4 செ.மீ. சுருங்கியது. நனைக்காமல் 44 அங்குலத்துக்குத் தைத்திருந்தால் முதல் சலவையில் ஒன்றே முக்கால் அங்குலம் போயிருக்கும். விட்ட புழங்கிடம் 4, மிஞ்சுவது இரண்டேகால். “உங்கள் புழங்கிடத்தில் பாதியைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்” என்று சொன்னதும் எல்லாரும் துணியை ஊறவைத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் ‘ஈஸ்’ என்ற அதே சொல்லை வேறு இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள், அவற்றைப் பிரித்துவிட வேண்டும். அழகுக்காக, தொளதொளவென்று விழுவதற்காகக் கூடுதலாக விடுவது ஒன்று. அதற்குப் ‘பாணிக் கூடுதல்’ போதும். இப்படிப் பிரித்தால், இதுவரை மொத்தமாகப் புழங்கிடம் என்று எழுதிய எங்கள் 4 அங்குலத்தில் இரண்டரைதான் சம்மணத்துக்குத் தேவையான புழங்கிடம், மீதி பாணிக் கூடுதல் என்று சொல்ல முடிகிறது. சட்டைக்கையின் மேல்வளைவு தோள்குழியைவிட நீளமாக இருக்கும், சுருக்கு தெரியாமல் அந்த அதிகத்தை உள்ளே வாங்கித் தைப்பது இன்னொன்று. அது வினை, ‘அடக்கித் தைத்தல்’ என்று நாம் ஏற்கெனவே சொல்வதே சரி.

எலாஸ்டிக் உடம்பைவிடச் சிறியதாக இருக்கும். 34 இடுப்புக்கு நான் 32 வெட்டுவேன். இந்தக் குறைவை ‘எதிர்ப் புழங்கிடம்’ என்று எழுதினால் பொருளே இல்லை. “இடுப்பில் 2 அங்குலம் பிடி” என்பது வழக்கு, எனவே ‘பிடிப்பு’. விடுவது புழங்கிடம், பிடிப்பது பிடிப்பு.

ஒன்றுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. எங்கள் பேண்ட்டில் ஜிப் இல்லாததால் மேல்விளிம்பு 40 அங்குல சீட்டைத் தாண்டி ஏற வேண்டும். ஆகவே இடுப்பு 34 என்றாலும் விளிம்பை 44க்கே வெட்டி, எலாஸ்டிக்கால் சுருக்குகிறோம். அந்த 10 அங்குலத்தில் உடம்பு புழங்குவதில்லை, அழகுக்கும் இல்லை, போட்டுக் கழற்ற மட்டும்தான். ‘நுழைவிடம்’ என்று எழுதிப் பார்த்தேன், கட்டட வாசலைச் சொல்வதுபோல இருக்கிறது. ‘ஏறளவு’ என்று ஒரு மாணவி சொன்னார். பேண்ட்டை ஏற்றிப் போடுகிறோம் என்பது அவர் காரணம். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் விலையேற்றமோ என்று யாராவது நினைப்பார்களோ என்ற சந்தேகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் சனிக்கிழமைக் குறிப்பில் சேர்த்து நகல் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து