அம்மா வைக்கும் குழம்பை ஆப்பில் எப்படி ஏற்றுவது?

பனியன் சிட்டி:

வணக்கம். வயது 34, உயரம் 172 செ.மீ., எடை 89 கிலோ. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், ஷிப்மெண்ட் நாட்களில் ராத்திரி பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். சமீபத்தில் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு, முதல் கிரேடு என்று வந்தது. "மருந்தெல்லாம் வேண்டாம், ஏழெட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

போனில் கலோரிக் கணக்கு எழுதும் ஆப் ஒன்றைப் போட்டிருக்கிறேன். அது ஒரு நாளைக்கு 1800 கலோரி என்று கோடு கிழித்திருக்கிறது. பாக்கெட் பிஸ்கட் என்றால் பார்கோடைக் காட்டினால் போதும், கணக்கு வந்துவிடுகிறது. வீட்டுச் சாப்பாட்டில்தான் தகராறு. "சாம்பார், ஒரு கிண்ணம்" என்று தேடினால் ஒரு பதிவு 90 என்கிறது, அதற்குக் கீழேயே இன்னொன்று 210. எந்தக் கிண்ணம், யார் வீட்டுச் சாம்பார்? அரிசிம்பருப்புச் சாதத்தைத் தேடினால் கிச்சடியைக் காட்டுகிறது.

சமைப்பது அம்மா. எல்லாம் கைக்கணக்குதான். ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தேன். "நான் போடற சோத்தை எடை போட்டுத் திங்கற அளவுக்கு வந்துட்டியா" என்று கேட்டவர், அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. தராசு இப்போது பீரோ மேல் இருக்கிறது.

ஆபீஸில் ஒருவர் காலை ஓட்ஸ், ராத்திரி வெள்ளரிக்காய் என்று இருந்து இளைத்தார். எனக்கு அது ஆகாது. சந்தகை, கொள்ளுப் பருப்பு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி இதையெல்லாம் விட்டுவிட்டு இளைத்து என்ன பண்ணுவது? வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிட்டு, கணக்கையும் ஓரளவு சரியாக எழுத வழி இருக்கிறதா?

சென்னிமலை அக்கா:

தம்பி, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். போன வருடம் 78 கிலோ, இப்போது 68க்கும் 69க்கும் நடுவில் நிற்கிறேன். வீட்டில் ஐந்து பேருக்கும் நான்தான் சமைக்கிறேன். எனக்கென்று தனி அடுப்பு பற்ற வைத்ததே இல்லை.

முதலில், ஆப்பில் "சாம்பார் ஒரு கிண்ணம்" என்று தேடுவதை நிறுத்துங்கள். அது யாரோ ஏற்றிய கணக்கு. சமைப்பதற்கு முன்பே பொருளை எடை போட வேண்டும். அரிசி எந்த வீட்டிலும் 100 கிராம் ஏறக்குறைய 350 கலோரிதான். வெந்த பிறகு, குழைய வடித்தால் ஒரு எடை, உதிரியாக வடித்தால் வேறு எடை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை இருக்கிறது, 528 பொருட்கள். பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கான கணக்குதான் அதில் இருக்கும். கிலோஜூலில் போட்டிருப்பார்கள், 4.184ஆல் வகுத்தால் கலோரி.

நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் நீங்கள் சொன்ன அதே அரிசிம்பருப்புதான். அரிசி 300 கிராம், 1050 கலோரி. துவரம் பருப்பு 100 கிராம், 335. கடலெண்ணெய் தராசில் 30 கிராம், 270. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் சேர்த்து ஒரு 100 என்று போட்டுக்கொண்டேன். மஞ்சள் தூள், சீரகம், கறிவேப்பிலைக்கெல்லாம் கணக்கு எழுதுவது வெட்டி வேலை. மொத்தம் 1755. எங்கள் குக்கர் மூடி இல்லாமல் 1450 கிராம். ஆவி அடங்கித் திறந்ததும் சோறோடு தூக்கி வைத்தேன், 3050. ஆக, உள்ளே இருப்பது 1600 கிராம், கிராமுக்கு 1.1 கலோரி. என் தட்டில் 300 கிராம், அதாவது 330. மேலே ஒரு டீஸ்பூன் நெய், அது 45. கத்தரிக்காய் பொரியலும் தயிரும் சேர்த்து 500க்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. வயிறும் நிறைந்தது.

ஒரு தடவை இப்படிப் போட்டு "எங்க வீட்டு அரிசிம்பருப்பு" என்று ஆப்பில் சேமித்துவிட்டால் அடுத்த முறை தட்டு எடை மட்டும் போதும். எந்த வீட்டிலும் திரும்பத் திரும்ப வருவது பதினைந்து இருபது பண்டம்தானே. பெரிய குக்கர், சின்ன குக்கர், குழம்புச் சட்டி எல்லாவற்றின் வெறும் எடையையும் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

குழம்பிலும் பொரியலிலும் காய் எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெயையும் தேங்காயையும் பாருங்கள். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டினாலும் அதேதான். செக்கெண்ணெயால் உடம்பு எடை ஏறாது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தேங்காய் ஒரு மூடி துருவினால் சுமார் 100 கிராம் வரும், 350க்கு மேல். மூன்று இட்லியா என்று பயப்படுகிறவர்கள், அதன் மேல் தாராளமாகக் கொட்டும் கெட்டிச் சட்னியைக் கண்டுகொள்வதே இல்லை. நடுத்தர இட்லி ஒன்று 55, 60தான். ஆளுக்குக் கால் மூடி போனாலே 90 கலோரி, தாளிப்பு தனி. நான் சட்னியை நிறுத்தவில்லை. பொட்டுக்கடலையும் கொத்தமல்லியும் கூடுதலாகப் போட்டு அரைக்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் அம்மா. தட்டுக்குக் கீழே தராசை வைத்தால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரும். எண்ணெய் ஜாடியை எடை போடுங்கள். சமையல் தொடங்கும் முன் ஒரு தடவை, ராத்திரி அடுப்பு துடைத்த பிறகு ஒரு தடவை. வித்தியாசத்தை வீட்டில் இருக்கும் ஆட்களால் வகுத்து, உங்கள் பங்கை "எண்ணெய்" என்று தனியாக எழுதிவிடுங்கள். அம்மா வழக்கம்போல ஊற்றட்டும். அரிசி அளக்கும் டம்ளரையும் தலை தட்டி ஒரு தடவை எடை பார்த்துவிட்டால் அது தீர்ந்தது.

காவிரிக்கரை (கும்பகோணம்):

அம்மணி சொல்வதில் தப்பில்லை, ஆனால் இவ்வளவு கணக்கு பார்த்துச் சாப்பிட்டால் சாப்பாடு உள்ளே இறங்குமா? நான் வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வந்தும் பேரேடு எழுத எனக்கு இஷ்டமில்லை.

நான் எழுதிப் பார்த்தது ஒரே வாரம். அதிலேயே திருடன் அகப்பட்டுவிட்டான். காப்பி! ஒரு டம்ளருக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 100 மில்லி, அதில் கொழுப்பு 6 சதவீதம், கிட்டத்தட்ட 90 கலோரி. சர்க்கரை இரண்டு ஸ்பூன், 40. நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பேன். கூட்டிப் பாருங்கள், 520. ஒரு வேளைச் சாப்பாட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். நீலப் பாக்கெட்டுக்கு மாறு, அதில் 3 சதவீதம்தான் என்றாள் என் மகள். அந்தப் பாலில் டிக்காக்ஷனைக் கலந்தால் அது காப்பியே இல்லை. பாலை மாற்றாமல் டம்ளரைக் குறைத்தேன், காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று.

மற்றபடி சாதத்துக்கு ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று கரண்டி. முதல் கரண்டிக்குக் குழம்பு, இரண்டாவதுக்கு ரசம், மூன்றாவதுக்கு மோர். வற்றல் குழம்பு நாளில் மட்டும் நாலாவது கரண்டிக்கு என் மனைவியிடம் மனு போடுவேன், சில சமயம் மஞ்சூராகும்.

இரவு டூட்டி:

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கு சுகர் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதலில் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு.

பனியன் சிட்டி அண்ணாவுக்கு: 1800 கலோரி உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் குறைக்க வேண்டாம். வாரத்துக்கு அரை கிலோவுக்குப் பக்கத்தில் இறங்கினால் நல்ல வேகம். சோறு குறையும் இடத்தில் பருப்பு, முட்டை, சுண்டல் ஏறட்டும். ஒரு முட்டை 70 கலோரிதான், 6 கிராம் புரதம். சோற்றைக் குறைத்து, பருப்பிலும் மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டால் பதினோரு மணிக்கே பசிக்கும், பேக்கரி பக்கம் கால் போகும்.

எடையைத் தினமும் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். உப்பு கூடிய மறுநாள் உடம்பில் தண்ணீர் நிற்கும், ஒரு கிலோ கூடவும் காட்டும். அது கொழுப்பு கிடையாது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் இப்படித்தான்.

பனியன் சிட்டி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, எண்ணெய் ஜாடி வேலை நடக்கிறது. அம்மா பார்த்தார், "எண்ணெய் எத்தனை நாள் வருதுன்னு பாக்கறயா?" என்றார். ஆமாம் என்றேன், பொய்யும் இல்லை. நாலு பேருக்கு நாளைக்கு 120 கிராம் பக்கம் போகிறது. மாதம் நாலு லிட்டர் வாங்குகிறோம், கணக்கு ஒத்துவருகிறது. ஆளுக்கு 30 கிராம், 270 கலோரி. இது ரொம்ப அதிகமா?

இன்னும் இரண்டு சந்தேகம். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, பந்தியில் எப்படிக் கணக்கு வைப்பது? அப்புறம், நான் இளைக்க வேண்டும் என்று தெரிந்ததில் இருந்து அம்மா தினமும் கொள்ளு வைக்கிறார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று வேறு சொல்கிறார். கொள்ளு உண்மையிலேயே கொழுப்பைக் கரைக்குமா?

சென்னிமலை அக்கா:

அதே ஹைதராபாத் நிறுவனம் 2024இல் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மாதிரியாகச் சொன்ன தட்டில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய் 27 கிராம். நீங்கள் அதைவிடக் கொஞ்சம்தான் மேலே. பயப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் பொரிப்பதைக் குறைத்தாலே இறங்கிவிடும்.

பந்தியில் உட்கார்ந்து ஆப்பைத் திறக்காதீர்கள், பக்கத்து இலைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். கல்யாணச் சாப்பாடு என்று மொத்தமாக 1000 போட்டுவிடுங்கள். இனிப்பை இரண்டாம் தடவை வாங்கினால் 1200. ராத்திரி பசித்தால் மோரோ இரண்டு இட்லியோ. அந்த வாரத்து மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

கொள்ளு எதையும் கரைக்காது. அதுவும் பருப்புதான், 100 கிராம் 330 கலோரிக்குப் பக்கத்தில். புரதமும் நாரும் இருப்பதால் வயிறு தாங்கும், சோறு தானாகக் குறையும். அந்த வகையில் அம்மா சொல்வது சரிதான், மறுக்காமல் சாப்பிடுங்கள். வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்தால் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். கடைந்து வைத்தால் அன்றைக்கு எத்தனை கைப்பிடி போட்டார் என்று அம்மாவிடம் கேட்டுப் பருப்புக் கணக்கில் சேருங்கள். தாளித்த எண்ணெய் ஜாடிக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது, அதை மறுபடி ஏற்றாதீர்கள்.