நிலக்கரிச் சுரங்கத்தில் தொட்டி வண்டி இழுத்த குதிரைகள்: மனசை விட்டுப் போகாதது எது?

லாடம்:
வேல்ஸ், பிக் பிட் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். 90 மீட்டர் ஆழத்தில் லாயம். போன், கடிகாரம், பேட்டரி உள்ள எதையும் மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மீத்தேன் வாயு பொறிபட்டுத் தீப்பிடிக்கும் என்ற பயம். தலைவிளக்கை அணைத்தால் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. மறுபடி போட்டதும் கொட்டடிக்கு மேலே குதிரையின் பெயர்ப் பலகை. அந்த இருட்டிலேயே கிடந்து கண் போன ஜீவன்கள்.

கரித்துகள்:
இருட்டால் கண் போனது என்பது தவறுங்க. தாழ்ந்த கூரையும் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரமும்தான் கண்ணைக் கெடுத்தவை. அதற்குத்தான் தடித்த தோலில் தலைக்கவசம், கண்ணைச் சுற்றிக் காப்பு. பிரிட்டனின் 1911 நிலக்கரிச் சுரங்கச் சட்டப்படி குருட்டுக் குதிரையை வேலைக்கு விடக் கூடாது, 4 வயது ஆகாததை இறக்கக் கூடாது, 15 குதிரைக்கு ஒரு லாயக்காரர் வேண்டும் என்று இருந்தது. 1913-இல் பிரிட்டனில் சுமார் 70,000 குதிரைகள் கீழே இருந்தன. எல்லாமே அங்கேயே கிடக்கவும் இல்லை. சாய்வுப் பாதைச் சுரங்கமென்றால் ஷிப்ட் முடிந்து மேலே நடந்து வந்துவிடும். செங்குத்துக் குழியில்தான் கீழேயே லாயம்.

தண்டவாளம்:
கண்ணை மட்டுமே பேசுகிறீர்கள், காலையும் பாருங்கள். அருங்காட்சியகம் போகிறவர்கள் லிம்பரைத் தேடிப் பாருங்கள்: குதிரையின் இரு விலாவையும் ஒட்டி வரும் விறைப்பான ஏர்க்கால், பின்முனையை இரும்பு முளை போட்டுக் கரி ஏற்றும் தொட்டி வண்டியில் மாட்டுவார்கள். தொட்டிக்கு பிரேக் கிடையாது. வெறும் சங்கிலி ஏற்றத்துக்குப் போதும். இறக்கத்தில் சங்கிலி தளரும், ஏறக்குறைய அரை டன் கரியோடு தொட்டி வந்து பின்னங்காலில் மோதும். லிம்பர் அந்த இடைவெளியை விடாது. சரிவு கூடினால் அதுவும் போதாது. சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே ஸ்ப்ராக் என்ற தடுப்புக் கட்டையைச் செருக வேண்டும். சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் உரசி இழுபடும். தண்டவாளம் ஈரமாக இருந்தால் ஒரு சக்கரத்தைப் பூட்டினாலும் வழுக்கும், இரண்டைப் பூட்டணும். தொட்டி உருளத் தொடங்கிய பிறகு செருகப் போனால் விரல் போகும், அதனால் சரிவுக்கு முன்பே நிறுத்திச் செருகணும். கட்டை பிளந்திருந்தால் எடுக்கவே கூடாது, பாதிச் சரிவில் தெறித்துவிடும்.

நிலவறை:
லிம்பர் சரி. எனக்கு அகலாதது பழைய தொழிலாளர்கள் சொல்லும் ஒன்று. தொட்டிகளைக் கோக்கும்போது கொக்கி விழும் சத்தத்தைக் குதிரை கேட்டுக்கொண்டே நிற்குமாம். வழக்கம் மூன்று தொட்டி. நான்காவது 'டங்' விழுந்தால் அசையாது. அதட்டினாலும் காதைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும். கடைசிக் கொக்கியைக் கழற்றினால், யாரும் சொல்லாமலே புறப்பட்டுவிடும்.