அக்கரைக் கணக்கு: ஒரு கலைச்சொல் தேடி

காரைக்குடியிலிருந்து:

அன்புள்ள சொல்வங்கிக் குழுவினருக்கு வணக்கம்.

முதுகலை வணிகவியல் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். இப்போது எடுத்திருக்கும் பகுதி இந்தியா–மாலத்தீவு சரக்கு வணிகம். 1981இல் போட்ட வணிக உடன்படிக்கை, அதன்படி ஆண்டுதோறும் நாம் ஒதுக்கும் அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை, ஆற்று மணல், ஜல்லி, 2025 ஜூலையில் தொடங்கிய கட்டற்ற வணிகப் பேச்சு என எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டன. 'மிரர் டேட்டா' என்ற இடத்தில்தான் மூன்று நாளாகப் பேனா நிற்கிறது.

சங்கதி இதுதான். மாலத்தீவுத் தலைநகர் மாலேக்கு இவ்வளவு அனுப்பினோம் என்று நம் சுங்கம் ஒரு கணக்கு எழுதுகிறது. இந்தியாவிலிருந்து இவ்வளவு வந்தது என்று அவர்கள் சுங்கம் ஒரு கணக்கு எழுதுகிறது. சரக்கு ஒன்றுதான், தொகை மட்டும் ஒத்துப்போவதில்லை. நம் ஏற்றுமதியைச் சரிபார்க்க அவர்களுடைய இறக்குமதிக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால், அதற்குப் பெயர் மிரர் டேட்டா. கணக்கை ஒழுங்காக வெளியிடாத நாடுகளின் வணிகத்தை அறியவும் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

மாணவி ஒருத்தி 'கண்ணாடித் தரவு' என்று எழுதி வந்தாள். எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடி சொந்தமாக எதையும் எழுதாது. நான் பொட்டு வைக்காமல் போய் நின்றால் அதுவும் பொட்டில்லாமல்தான் காட்டும். இங்கே எதிரில் இருப்பது வேறு ஆள், வேறு பேனா, வேறு விதிமுறை. 'ஆடித் தரவு' என்று திருத்திப் பார்த்தேன். நல்ல தமிழ்தான், ஆனால் எங்கள் ஊர்க் கடைவீதியில் ஆடி என்றால் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சின்ன வயதில் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். பிறகு ஊரோடு வந்து முதலாளி வீட்டில் கணக்கு எழுதினார். அக்கரையிலிருந்து கணக்கு நகல் வந்து சேர்ந்தால் அன்று பட்டாலையில் யாரும் சத்தம் போடக் கூடாது. இந்தப் பக்கம் ஊர்ப் பேரேடு, அந்தப் பக்கம் வந்த நகல். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்து, ஒத்துப்போன வரிக்குப் பென்சிலால் ஒரு சின்னக் கீற்று. கீற்று விழாத வரி அனாமத்தில், அதாவது தீராத கணக்கில் போகும். இங்கே 'மூட்டை 40' என்றும் அங்கே 'மூட்டை 38' என்றும் இருந்தால் அவர் முதலில் திருட்டைச் சந்தேகிக்க மாட்டார். "ரெண்டு நனைஞ்சிருக்கும், கடிதாசியைப் படி" என்பார். கடிதத்தில் அப்படித்தான் இருக்குமாம். இதை அப்பத்தா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

ஐயா அந்த நகலை 'அக்கரைக் கணக்கு' என்றுதான் சொல்வாராம். பொருளாதார வல்லுநர்கள் கண்ணாடி என்று சொல்வதைவிட இது பொருத்தமாக இல்லையா? அந்தக் கரையில் இருப்பவன் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் எழுதியது. என் பரிந்துரை: மிரர் டேட்டாவுக்கு 'அக்கரைக் கணக்கு', இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிக்கு 'கரைவேறுபாடு'.

உங்கள் கருத்தை அறிய ஆவல்.

—

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சிக்கு வணக்கம்.

ஐயா கதை அருமை. ஆனாலும் கலைச்சொல் என்பது குடும்பக் கதையை நம்பி நிற்கக் கூடாது. எனக்கு மூன்று ஆட்சேபம்.

நேபாளத்துக்கு லாரியில் போகும் சரக்குக்குக் கரை ஏது? 'இக்கரைக்கு அக்கரை பச்சை' காதில் விழுந்துகொண்டே இருக்கும், படிப்பவன் சிரிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் இதை ரகரம் போட்டு எழுதுவார்கள்? 'அக்கறைக் கணக்கு' என்று எழுதினால் அது பாசத்தின் கணக்காகிவிடும்.

'இணையேடு' என்று வைத்தால் என்ன? இரண்டு ஏடுகள் இணையாக நிற்கின்றன. சுருக்கமாகவும் இருக்கிறது.

—

பள்ளத்தூர்க்காரன், தூத்துக்குடியிலிருந்து:

ஆச்சி, 'இணையேடு'ன்னா எங்க ஆபீஸ் பையன் இன்டர்நெட் பத்திரிகைன்னு நினைக்கிறான். கேட்டுப் பார்த்துட்டேன். அது வேண்டாம்.

நான் இருபது வருஷமா துறைமுகத்துல கிளியரிங் வேலை, அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தர்ற வேலை பார்க்கிறேன். இங்கேருந்து மாலேக்குப் போறதுல மணலும் ஜல்லியும் பார்ஜ்ல (தட்டையான சரக்குப் படகுல) போகும், காய்கறி, பலசரக்கு தோணியிலயும் போகும். 2020 செப்டம்பர்ல தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலேன்னு நேரடிச் சரக்குக் கப்பல் விட்டாங்க. இந்த வித்தியாசம் எப்படி வருதுன்னு வேலை செய்யற இடத்துலேருந்து சொல்றேன், சொல் உங்க பாடு.

ஏற்றுமதிக்காகச் சுங்கத்துல கொடுக்கற ஷிப்பிங் பில்லுல நாம போடறது எஃப்ஓபி விலை. சரக்கு நம்ம துறைமுகத்துல கப்பல் ஏறுற வரைக்கும் ஆன செலவு. அதோட நம்ம கணக்கு முடிஞ்சது. அங்கே இறக்குறவர் எழுதறது சிஐஎஃப். சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் வாடகை எல்லாம் சேர்ந்தது. கைக்கடிகாரம் அனுப்பினா வாடகை பெரிசா தெரியாது. மணல் அனுப்பிப் பாருங்க. பேச்சுக்கு, இங்கே ஏத்தும்போது 100 ரூபாய் மணல்னு வைங்க. வாடகையும் இன்சூரன்ஸும் 60 ஆச்சுன்னா மாலே கஸ்டம்ஸ் புத்தகத்துல அதே மணல் 160. யாரும் பொய் சொல்லலை. மணல்தான் கடல் தாண்டி விலை ஏறியிருக்கு.

அப்புறம் தேதி. மார்ச் 30ஆம் தேதி கிளம்பின பார்ஜ் ஏப்ரல்லதான் போய்ச் சேரும். நமக்கு அது போன நிதியாண்டு. அவங்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே வருஷம். ரெண்டு வருஷத் தொகையை அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிட்டா எப்படி ஒட்டும்?

—

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். பன்னாட்டு நாணய நிதியம் இந்த வாடகை இடைவெளிக்கு நெடுங்காலம் 10 சதவீதம் என்று ஒரே அளவுகோல் வைத்திருந்தது, பிறகு 6 சதவீதமாகக் குறைத்தது. உலகச் சராசரிக்கு அது சரியாக இருக்கலாம். மணலும் உருளைக்கிழங்கும் முட்டையும் போகும் கரைக்கு அந்த அளவுகோல் எட்டாது என்பதுதான் உங்கள் 100, 160 சொல்லும் செய்தி.

தேவகோட்டை ஐயாவுக்கு: நேபாளத்துக்குக் கரை இல்லைதான். வங்கியில் 'வாடிக்கையாளர்' என்கிறோமே, முதல்முறை வருகிறவருக்கு ஏது வாடிக்கை? சொல் ஒரு முறை ஒட்டிவிட்டால் அதன் பழைய ஊரை யாரும் விசாரிப்பதில்லை. 'பச்சை' பற்றியும் எனக்குக் கவலையில்லை. சிஐஎஃப் எஃப்ஓபியைவிடக் கூடுதலாக இருப்பதால், நம் ஏற்றுமதியைப் பொறுத்தவரை அக்கரை எண் பெரும்பாலும் பச்சையாகத்தான் தெரியும். பாடம் நடத்த அது தோது.

ஆனால் ரகர றகர விஷயத்தில் தோற்றுவிட்டேன். நேற்று வகுப்பில் சொல்லி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் வல்லின றகரம். ஒருத்தன் 'கறைவேறுபாடு' என்று எழுதி, கணக்கில் கறை இருப்பதால் அப்படி என்று விளக்கமும் சொன்னான். விளக்கம் நன்றாக இருந்ததுதான் என் வயிற்றெரிச்சல். 'கரைவேறுபாடு' என்று சேர்ந்து வந்தால் பழகிவிடும் என்று நினைக்கிறேன், 'அக்கரை' பழகாது. ஆகவே 'மறுகரைக் கணக்கு' என்று மாற்றிப் பார்க்கலாமா?

பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், மாசி. கொழும்பிலிருந்து உறவுக்காரர்கள் வரும்போது கொண்டுவருவார்களே, கட்டை போலக் காய்ந்த மாசிக் கருவாடு, அதுதான். அப்பத்தா அம்மியில் தட்டி, சிறிய வெங்காயத்தோடு வதக்கும்போது தெருமுனை வரை மணக்கும். மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து எடுப்பது அது. அங்கே மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். இலங்கைதான் அதற்குப் பெரிய சந்தை.

இப்போது அதை ஒரு வணிகர் கொழும்பில் வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. வகுத்த முறைப்படி ஏற்றுமதியாளர், தனக்குத் தெரிந்த கடைசிச் சேரிடத்தை எழுத வேண்டும். ஆகவே மாலே ஏட்டில் அந்த மாசி இலங்கைக்குப் போனது. இறக்குமதியாளர் எழுத வேண்டியது சரக்கு பிறந்த நாடு. நம் ஏட்டில் அது மாலத்தீவிலிருந்து வந்தது. கொழும்பு ஏட்டில் மறு ஏற்றுமதி. ஒரே கருவாடு, மூன்று ஏடு. மாலேயின் ஏட்டில் இந்தியா என்ற பேச்சே இல்லாத சரக்கு, நம் ஏட்டில் மாலே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி இந்த வேலை செய்யுமா?

இந்தியா–மாலத்தீவு வணிகம் 2021இல் முதன்முறையாக 30 கோடி டாலரையும், அடுத்த ஆண்டே 50 கோடியையும் தாண்டியது என்று செய்திகளில் வந்தது. 'எந்தக் கரைக் கணக்கு?' என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியது. நமக்கு அங்கிருந்து பெரும்பாலும் பழைய உலோகம்தான் வருகிறது, இங்கிருந்து போவதோ சாப்பாட்டிலிருந்து சிமெண்டு வரை. தராசு நம் பக்கம் சாய்ந்திருப்பதில் இரண்டு ஏட்டுக்கும் சண்டையில்லை, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான்.

—

கானாடுகாத்தானிலிருந்து:

ராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' மாலத்தீவுதான் என்பார்கள். 'பழந்தீவுக் கணக்கு' என்று வைத்தால் தமிழ் மணக்குமே!

—

தேவகோட்டையிலிருந்து:

மணக்கும், ஆனால் நாளை மொரீசியசுக்குப் பாடம் எழுதும்போது என்ன செய்வது? விடுங்கள்.

ஆச்சி, 'மறுகரை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம். ஒதுக்கீட்டை எந்த ஏட்டில் வைப்பீர்கள்? 2024–25க்கு அரசு அறிவித்தது 42.75 கோடி முட்டை. 2022 கணக்கெடுப்பில் மாலத்தீவின் மக்கள் தொகை 5.15 லட்சம். தலைக்கு 830 முட்டை வருகிறது. சுற்றுலாப் பயணிகள் சாப்பிடுவார்கள் என்றாலும், எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள்.

—

காரைக்குடியிலிருந்து:

எந்தக் கணக்கிலும் வைக்க மாட்டேன். ஒதுக்கீடு என்பது கல்யாண வீட்டில் இலை போடுவது மாதிரி. இவ்வளவு வரை அனுப்பலாம் என்ற அனுமதி. சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை பந்தி முடிந்த பிறகுதான் தெரியும். அதே அறிவிப்பில் ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். அதுவும் இலைதான். குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டேன், நன்றி.

—

பள்ளத்தூர்க்காரன், தூத்துக்குடியிலிருந்து:

ஆச்சி, 'மறுகரை'யில ஒரு முடிச்சு இருக்கு. நீங்களே 'மறு ஏற்றுமதி'ன்னு எழுதியிருக்கீங்க. அங்கே 'மறு'ன்னா திரும்பவும். 'மறுகரை'ல 'மறு'ன்னா இன்னொரு. மாலேயில வெளிநாட்டு விமானத்துக்கு ஊத்துற எரிபொருளை மறு ஏற்றுமதின்னுதான் எழுதுவாங்க. அவங்க மறு ஏற்றுமதியில பெரும்பங்கு அதுதான். 'மறுகரைக் கணக்கில் உள்ள மறு ஏற்றுமதி'ன்னு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க, படிக்கறவன் திரும்ப ஒரு தடவை எண்ணினதா நினைச்சுக்குவான்.

கடல்ல இருக்கறவங்க 'எதிர்க்கரை'ம்பாங்க. அது போதாதா?

—

தேவகோட்டையிலிருந்து:

நான் சொல்ல வந்ததும் இதுவே. பள்ளிக் கணக்குப்பதிவியலில் 'எதிர்ப்பதிவு' வேறு பொருளில் இருக்கிறது, ஆனால் 'கரை' சேர்ந்துவிட்டால் அதோடு மோதாது. எதிரி என்ற தொனி வருமோ என்று யோசித்தேன். எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் எதிரியா என்ன. (எங்கள் தெருவில் ஒருவர் உண்டு, அது வேறு கதை.)

—

காரைக்குடியிலிருந்து:

சரி, முடித்துக்கொள்வோம். சொல்வங்கியில் ஏற்றப் போவது இப்படி:

எதிர்க்கரைக் கணக்கு: ஒரு நாடு பதிந்த வணிகத்தைச் சரிபார்க்க, அதே வணிகம் குறித்து எதிர் நாடு தன் முறைப்படி பதிந்த கணக்கு. 'இந்தியாவின் ஏற்றுமதியை மாலேயின் எதிர்க்கரைக் கணக்கோடு ஒப்பிட்டபோது...'

கரைவேறுபாடு: அவ்விரண்டுக்கும் நடுவே, வாடகை, காப்பீடு, தேதி, பிறப்பிடம் ஆகியவற்றால் விழும் தொகை வித்தியாசம்.

'அக்கரை'யை விட எனக்கு மனசில்லை. அப்பத்தாவிடம் சொன்னேன். "எந்தக் கரையா இருந்தா என்ன, கடிதாசி போட்டுக் கேட்டாஹளா?" என்றாஹ. இரண்டு சுங்கமும் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும் போலிருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

இன்று காலை வகுப்பில் 'எதிர்க்கரை' என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஒருவர்கூட றகரம் போடவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தன் மட்டும் ஒற்றை விட்டுவிட்டு 'எதிர்கரை' என்று எழுதியிருந்தான். அதை அவனுடைய தமிழாசிரியரிடம் தள்ளிவிட்டேன்.