புதுப்பிப்பு: பத்தாங் காலியில் வீடு எடுத்தாயிற்று

இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: வேலை கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம், வீடு தோட்டப் பக்கமாக வேண்டும், ரவாங், பத்தாங் காலி, ராசா, இந்த மூன்று ஊரில் எது சரிவரும் என்று. பதில் சொன்ன அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி.

ரவாங் இப்போது பாதி பட்டணம், விட்டுவிட்டேன். ராசா எனக்குப் பிடித்தது. ஆனால் வீட்டார் பக்கத்தில் கடைத்தெரு வேண்டும் என்றார்கள். பத்தாங் காலியில் தஞ்சோங் மாலிம் – போர்ட் கிள்ளான் கோமுட்டர் (புறநகர் ரயில்) நிற்கிறது, இறங்கி மாறாமல் சென்ட்ரல் போய்விடலாம்.

"வேலை நாளில், விடியுமுன் ஒருமுறை போய்ப் பார்" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் காப்பாற்றியது. முதலில் பார்த்தது செம்பனைக்காட்டு (பாமாயில் தோட்டம்) ஓரத்து வீடு. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் என்றார் புரோக்கர். காலை 5.45க்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். சாலை விளக்கே இல்லை. லாரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள் மழையில் நசுங்கி, தார் முழுக்க வழுக்கல். 25 நிமிடம் ஆயிற்று, கால்சட்டையில் முழங்கால்வரை செம்மண். (பகலில் காரில் ஏசி போட்டுக் காட்டினால் எல்லாம் பத்து நிமிடம்தான்.)

கடைசியில் ஸ்டேஷனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எடுத்தோம். வாடகை கொஞ்சம் கூட, ஆனால் நடந்தே போகிறேன். சாயங்கால ரயில் ஒன்று தவறினால் காத்திருப்பு நீளம், அதைப் பழகிக்கொண்டேன்.

அப்புறம், பின்வாசலில் ஒரு பலாமரம் நிற்கிறது. காய் யாருக்கு என்று வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.