ரசீதின் பின்பக்கத்தில் மும்பை

போடிக்காரன்:
வடக்கே அனுப்பிய ஏலக்காயில் ஏழு மூட்டைகள் மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்ந்தன. தார்ப்பாய் கிழிந்திருந்ததை இறக்குமிடத்தில் டிரைவரே ஒப்புக்கொண்டார். இங்குள்ள லாரி ஆபீசில் நஷ்டஈடு கேட்டால், மேனேஜர் பதில் சொல்லாமல் லாரி ரசீதைத் திருப்பினார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி: எந்த வழக்கானாலும் மும்பை நீதிமன்றத்தில் மட்டுமே. “தலைமை அலுவலகம் அங்கேதான் சார் இருக்கிறது” என்றார். ஏழு மூட்டைக்காக மும்பைக்கு யார் அலைவது? விட்டுத் தொலைக்கலாம் என்றார் அப்பா.

வக்கீல் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். இதே ஊர், இதே சரக்கு ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறதாம். போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் படேல் ரோடுவேஸ் என்ற லாரி நிறுவனத்தின் போடி கிளை மூலம் டெல்லிக்கு அனுப்பிய சரக்கு அங்கே கிடங்கில் எரிந்துபோனது. நிறுவனத்தின் தலைமையிடம் பம்பாய், ரசீதிலும் பம்பாய்தான். 1991இல் தீர்ப்பு வந்தது: வழக்குக்கான காரணம் எழுந்த ஊரில் கிளை இருந்தால், அந்த விவகாரத்துக்கு நிறுவனம் தொழில் நடத்தும் இடம் அந்தக் கிளைதான். பம்பாய் நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரத்தை ரசீதில் அச்சடித்துக் கொடுத்துவிட முடியாது.

சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதிலேயே நூற்றைம்பது நாள் போயிருந்தது. எங்கள் ஊரிலேயே வழக்குப் போட்டோம். நாலாவது வாய்தாவில் சமரசத்துக்கு வந்தார்கள். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது.

நெல்லை அக்கா:
எங்கள் கதை லாரி மோதியது. கிருஷ்ணகிரி அருகே தம்பியின் பைக்கை ஒரு கண்டெய்னர் லாரி இடித்தது. ஹரியானா பதிவு எண். லாரிக்குச் சொந்தக்கார நிறுவனமும் அங்கே, இன்சூரன்ஸ் எடுத்ததும் அங்கே. விபத்து நடந்த ஊரில்தான் இழப்பீட்டு மனுப் போட முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி, தம்பியின் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை இராத்திரி பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய் வந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 166(2)இன்படி, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலியில் போட்டோம். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் தம்பி ஊன்றுகோலோடு ஆட்டோவில் போய்த் திரும்பிவிடுகிறான்.

பழைய குமாஸ்தா:
இருபத்தெட்டு வருடம் வக்கீல் ஆபீசில் பிராது எழுதியவன் நான். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு, “கிளை எங்கே இருந்தாலும் வழக்குப் போடலாம்” என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அம்பாலாவில் கிடங்கு எரிந்த ஒரு நிறுவனம், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சண்டிகரில் கிளை இருக்கிறது என்று அங்கே நுகர்வோர் புகார் கொடுத்தது. தீ அம்பாலாவில், பாலிசி அம்பாலாவில், சண்டிகருக்கு இதில் என்ன வேலை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நுகர்வோர் புகாருக்கு மட்டும் இப்போது நிலைமை வேறு. 2019 சட்டம் வந்தபின், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம்.

கிளையே இல்லாத ஊரில் கேடு நடந்தால்? உடலுக்கோ அசையும் பொருளுக்கோ நேர்ந்த தீங்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 19ஆம் பிரிவு இருக்கிறது. டெல்லிக்காரர் ஒருவர் கல்கத்தாவில் இன்னொருவரை அடித்தால், அடிபட்டவர் இரண்டில் எந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் சொல்கிறது. அடித்தவர் கம்பெனி என்றாலும் அதே கணக்குதான்.

பிரதிவாதியின் விலாசம் எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். கம்பெனி பில்லில் 21 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் இருக்கும். அதில் ஏழாவது, எட்டாவது எழுத்துகள் பதிவான மாநிலத்தின் குறி. பதிவு அலுவலகம் ஓரிடம், நிர்வாகம் நடக்கும் முதன்மை அலுவலகம் வேறிடம் என்பது சகஜம். இரண்டு விலாசத்துக்கும் சம்மன் போகும்படி எழுதுவது என் வழக்கம்.

போடிக்காரன்:
ஐயா, இப்போதுதான் பழைய பில்லை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஏழாவது எழுத்து டபிள்யூ, எட்டாவது பி. மும்பை மும்பை என்று எங்களை மிரட்டிய கம்பெனி பதிவானது மேற்கு வங்கத்தில்.